நரி முகத்தில் விழித்தவர்கள்

மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வேண்டுமென்றால் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக மட்டும் சேரக் கூடாது. நான் சேர்ந்தேன். சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் நடுவே நின்றபடியே என் பாதி ஆயுள் போனது. உள்ளே இடம் காலியாகக் கிடக்கும். படிக்கட்டில் ஒரு கூட்டம் தொங்கும். "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக் கத்தித் தொண்டை கெட்டதுதான் மிச்சம். ஒரு பயல் உள்ளே போனதில்லை. ரிட்டயர் ஆன பிறகும் என் விசில் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மனிதர்களைப் பற்றிய என் அபிப்பிராயமும் அப்படியே இருக்கிறது.

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் காலையில் நடங்கள் என்றார் டாக்டர். எங்கள் ஊர் கிள்ளைக் கடைத்தெருவில் நடந்து பார்த்தேன். அங்கே வருகிறவர்கள் காலை நடத்தவா வருகிறார்கள்? வாயை நடத்த வருகிறார்கள். ஒரு சுற்று சுற்றியதும் டீக்கடையில் உட்கார்ந்து, வடையும் ஸ்ட்ராங் டீயுமாகக் குறைந்த சர்க்கரையை உடனே சரிக்கட்டிக்கொள்கிறார்கள். "என்னா பக்கிரி, மவன் எங்க இருக்கான்? என்னா சம்பளம்?" இதைக் கேட்பதற்கு நான் எதற்கு விடியற்காலையில் செருப்பைத் தேய்க்க வேண்டும்? ஊருக்குக் கிழக்கே உப்பங்கழிக் கரை இருக்கிறது. அங்கே போக ஆரம்பித்தேன். அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

கரை என்றால் மண்ணைக் குவித்த மேடுதான். ஒரு பக்கம் கழி. மறுபக்கம் வேலிகாத்தான் புதர், அதற்கப்பால் இறால் பண்ணை. நடுநடுவே தில்லை மரங்கள். விடிகிற நேரத்தில் தண்ணீர் வடிந்து சேறு தெரியும். உள்ளான் குருவிகள் சேற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நாரை, சில்லறை தராத பயணி மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். ஓர் ஆள்காட்டிக் குருவி என்னைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும். நான் தினம் போயும் அது என்னைக் கடைசிவரை நம்பவில்லை. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப் போயிற்று. மனிதனை நம்பாத ஜீவன்தான் புத்தியுள்ள ஜீவன்.

மாசி மாதம் முடிகிற சமயத்தில் அந்த நரியைப் பார்த்தேன். நரி என்றால் தந்திரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் பார்த்த நரி ஒரு நண்டிடம் தோற்றுக்கொண்டிருந்தது. நண்டு மூக்கைக் கவ்விக்கொள்ள, இது தலையை உதறி, தும்மி, பின்பக்கமாகச் சுற்றிப் போய், ஒரு வழியாகக் கடித்தது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஓடவில்லை. மறுபடியும் குனிந்து நண்டைத் தின்றது. சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகள் என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, அப்போதெல்லாம் வயிறு எரிந்தது. இது மதிக்காதபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பங்குனி பிறந்ததும் குட்டிகள் வெளியே வந்தன. கரைச் சரிவில் ஒரு தில்லை மரத்தின் வேருக்குக் கீழே வளை. மூன்று குட்டிகள். அதில் ஒன்று எப்போது பார்த்தாலும் இன்னொன்றின் வாலைக் கவ்விக்கொண்டு தொங்கிக்கொண்டே வரும். எத்தனை உதறினாலும் விடாது. அதற்கு ஃபுட்போர்டு என்று பெயர் வைத்தேன். வாழ்நாளில் எனக்குப் பிடித்த படிக்கட்டுப் பயணி அது ஒன்றுதான். இந்தச் சங்கதியை என் மனைவி மங்கலத்திடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

ஆனால் விதி, என் மச்சான் மணவாளன் உருவத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தது. மங்கலத்தின் தம்பி. ஒரு நாள் நான் போனை வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்று அவள் அதை இவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். வந்தவன் என் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்தான். தாய் நரி வளை வாசலில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்து அவன் கொல்லையில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அவனும் முன்பே போட்டு ஏமாந்தவன். அன்று நல்ல தண்ணீர் வந்துவிட்டது. இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த போர்க்காரர். பேர் வாங்கியது நரி.

சாயங்காலம் மணவாளன் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தான். "குடிச்சுப் பாருங்க மாமா, எளநி மாதிரி இருக்குது! இன்னைக்கு நான் நரி மூஞ்சியில முழிச்சிருக்கேன், மாமா!"

"ஏன்டா, காலையில எங்க வூட்டுக்கு வந்து உங்க அக்கா கையில போன வாங்குன இல்ல? அவ மூஞ்சியப் பாக்கலியா? உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கலியா?"

"அது தூக்கக் கலக்கம் மாமா. அதெல்லாம் கணக்குல வராது."

நரி முகத்தில் விழித்தாயா என்று அதிர்ஷ்டசாலியைப் பார்த்துக் கேட்பது பேச்சு வழக்கு. பேச்சாக இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. இவன் அதை வாட்ஸப்பில் போட்டான். அவ்வளவுதான், தொலைந்தது கதை.

முதலில் சிதம்பரத்திலிருந்து கார்கள் வந்தன. அப்புறம் காட்டுமன்னார்கோயில், கடலூர். அவர்கள் வந்த லட்சணத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். விழிப்பது என்றால் அன்றைக்கு முதன்முதலாகக் கண்ணில் படுவது நரியாக இருக்க வேண்டுமாம். அதனால் வீட்டிலிருந்தே கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, டிரைவரை மட்டும் விழிக்கவிட்டு, கார் பூராவும் மூடிய கண்களாக வந்து இறங்குவார்கள். படித்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கரைமேல் வரிசையாகத் தடவித் தடவி நடப்பார்கள். முன்னால் மணவாளன். "மோடு, பாத்து! முள்ளு, பாத்து!" எல்லாரையும் கொண்டுபோய் வளைக்கு எதிரே நிறுத்தி, "தொறங்க!" என்பான். த்தூ! கண்ணிருந்தும் குருடாகப் போக இவ்வளவு மெனக்கெடும் ஜாதியை நான் பஸ்ஸிலும் பார்த்ததில்லை.

நரி என்ன டைம்கீப்பர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டா வருகிறது? ஒரு நாள் "தொறங்க" என்றபோது எதிரே நின்றது மேய வந்த எருமைக்கடா. பாத்திரக்கடை முதலாளி ஒருவர் அதன் முகத்தில் விழித்துவிட்டு வெலவெலத்துப் போனார். எமன் வண்டியாயிற்றே! அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பிக் காருக்குப் போய், சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கொஞ்சம் தூங்கிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு மறுபடியும் விழிக்க வந்தார். முதல் விழிப்பு ரத்தாம். கேன்சல் செய்து வேறு டிக்கெட் வாங்குகிறவர் மாதிரி!

வனத்துறைக்குச் சொல்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன். வந்து பார்த்து, கரை தொடங்கும் இடத்தில் பெரிதாக ஒரு போர்டு வைத்தார்கள். வனவிலங்குகளைத் தொந்தரவு செய்வது குற்றம் என்று தெளிவான எழுத்தில் எழுதியிருந்தது. எழுதி என்ன செய்ய? கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறவன் எந்தப் போர்டைப் படிப்பான்?

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நரி நேரத்துக்கு வரவில்லை என்று மணவாளன் கோழிக்கடைக் கழிவை வாளியில் கொண்டுவந்து வளைக்கு எதிரே கொட்ட ஆரம்பித்தான். நரி வந்ததோ இல்லையோ, கடைத்தெரு நாய்கள் மொத்தமும் வந்தன. முதல் நாளே ஆள்காட்டியின் முட்டைகளைத் தின்று தீர்த்தன. அந்தக் குருவி நாள் முழுக்கக் கத்தியபடி சுற்றிச் சுற்றிப் பறந்தது. நாய்கள் அப்படியே வளை வாசலுக்குப் போய் மோந்து பார்த்தன. உள்ளே குட்டிகள். தாய் அவற்றைக் கவ்விக்கொண்டு வேறு எங்கே போகும்? இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் இறால் பண்ணை வேலி. குட்டிகள் விளையாட வெளியே வரும் நேரத்தில் நாய்கள் இருந்தால் அத்தோடு சரி.

மணவாளன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "டேய், நாய் குட்டிங்கள கொன்னுடும்டா. நிறுத்துடா."

"கொஞ்ச நாள் பொறுங்க மாமா. சித்திரை, வைகாசியில முகூர்த்தம் ஜாஸ்தி. எல்லாரும் முழிக்கணும்னு சொல்லி வச்சிருக்காங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"உன் வாக்க கொண்டு போயி குப்பையில போடு! நரிகிட்ட வாக்குக் கேட்டியா?"

"ஒங்களுக்கு யாரு நல்லா இருந்தாலும் புடிக்காது மாமா. அக்காவே சொல்லும்."

அவன் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் பிடிக்காதுதான். ஆனால் ஃபுட்போர்டைப் பிடித்திருந்தது. மறுநாளிலிருந்து கையில் கம்போடு அவர்களுக்கு முன்பே கரைக்குப் போனேன்.

அன்று கடலூரிலிருந்து இளவரசு என்பவர் குடும்பத்தோடு வந்திருந்தார். செம்மங்குப்பம் பக்கம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். அவர், அவர் மனைவி, மகள் இளமதி. அன்று மதியம் இளமதியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். வந்தவனையெல்லாம் வேண்டாம் என்று அந்தப் பெண் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால், நரியிடம் கொண்டு வந்திருந்தார்கள். மூவரும் தோளைப் பிடித்துக்கொண்டு வர, முன்னால் மணவாளன் ஒரு கையில் வாளியோடு.

அவர்கள் வளைக்கு எதிரே வந்து நிற்கவும், நாய்கள் கரையேறவும் சரியாக இருந்தது. ஃபுட்போர்டு வெளியே இருந்தது. வழக்கம்போல இன்னொன்றின் வாலில் தொங்கிக்கொண்டு, உலகம் தெரியாமல். தாய் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அது ஒன்று, நாய்கள் ஒரு கூட்டம். நான் கம்பை ஓங்கிக்கொண்டு நடுவில் ஓடினேன். ஓடின வேகத்தில் கம்பு வேலிகாத்தான் புதரில் மாட்டிக்கொண்டது. பையில் கை போட்டேன். விசில் வந்தது. உயிர் இருக்கிற மட்டும் ஊதினேன்.

அந்தச் சத்தத்துக்கு டவுன் பஸ்ஸே நிற்கும். நாய்கள் மிரண்டு கரைக்குக் கீழே சிதறின. குட்டிகள் வளைக்குள் விழுந்தடித்துப் போயின, வாலில் தொங்கியதும் சேர்த்து. தாயும் உள்ளே போயிற்று. ஆனால் விசிலைக் கேட்ட காண்ட்ராக்டர் அதுதான் சிக்னல் என்று நினைத்துத் துண்டை அவிழ்த்துவிட்டார். அவருக்கு எதிரே நான். சவரம் செய்யாத தாடி, பல்செட் மாட்டாத வாய், வாயில் விசில்.

"யோவ்! யாருய்யா நீ? நாசமாப் போறவனே, உன் மூஞ்சியிலயா நான் முழிக்கணும்? எம்பொண்ணு வாழ்க்கையே போச்சே!"

"உம் பொண்ணு வாழ்க்கைய நரியா வாழப் போவுது? போய்யா, போயி வேலையப் பாரு!"

அவர் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். இளமதி மட்டும் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "நான் வழியெல்லாம் பாத்துக்கிட்டுத்தான்பா வந்தேன்" என்றாள். அந்தக் கூட்டத்தில் மூளை இருந்த ஒரே ஆள் அவள்தான்.

சரி, இனி காண்ட்ராக்டர் ஆள் வைத்து அடிப்பார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியும்போது வாசலில் கார் சத்தம். கதவைத் திறந்தால் கேட்டுக்கு வெளியே இளவரசு. கண்ணில் துண்டு! கையில் தாம்பாளம், பழம், லட்டு, சால்வை. பக்கத்தில் மணவாளன்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். வந்த மாப்பிள்ளைய எம்பொண்ணு சரின்னு சொல்லிட்டா! நரி மூஞ்சியில்ல ஐயா, நான் முழிச்சது ஒங்க மூஞ்சியில. இன்னைக்குக் கம்பெனியில ஒரு பெரிய வேல விஷயமாப் போறேன். கொஞ்சம் மொகத்தக் காட்டுங்க. சொல்லிட்டீங்கன்னா கண்ணத் தொறந்துடுவேன்."

பின்னாலிருந்து மங்கலம் வந்து எட்டிப் பார்த்தாள். "இந்த மூஞ்சியா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் இதுலதான் முழிக்கிறேன். எனக்கு என்னா கெடச்சுது? கேஸ் அடுப்பு மாத்தித் தாங்கன்னு எத்தினி வருஷமாக் கேக்குறேன்?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அட அறிவுகெட்ட ஜென்மங்களா, மாப்பிள்ளையைப் பிடித்ததால் பெண் சரி என்றாள், என் மூஞ்சி என்னய்யா செய்தது, போங்கடா வெளியே என்று ஒரு மூச்சு கத்தியிருப்பேன். வாயைத் திறக்கிற நேரத்தில் மணவாளன் சொன்னான்: "மாமா ஒத்துக்க மாட்டாருங்க. வாங்க, கரைக்கே போயிடலாம். வாளி வண்டியிலதான் இருக்குது."

வாளி என்றதும் எனக்கு ஃபுட்போர்டு ஞாபகம் வந்தது.

இந்த முட்டாள்களுக்கு விழிக்க ஒரு மூஞ்சி வேண்டும். என்ன சொன்னாலும் விடப்போவதில்லை. ஒன்று நரியுடையது, இல்லை என்னுடையது. வாழ்க்கை பூராவும் எவனைப் பார்த்துக் காறித் துப்பினேனோ, அவன் எதிரே சாமி மாதிரி நிற்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசற்படியில் ஏறி நின்றேன்.

"கண்ணத் தொறங்க" என்றேன்.

இளவரசு துண்டை அவிழ்த்து, என் முகத்தைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். மணவாளன் வாயைப் பிளந்தான், அன்று நரியைப் பார்த்த அதே பிளப்பு.

"ஆனா ஒண்ணு. எம் மூஞ்சியில முழிச்சவன் எவனும் இனிமே கழிக்கரப் பக்கம் தல வச்சிப் படுக்கக் கூடாது. நரிக்கும் எனக்கும் ஆவாது. இங்க கெடச்சது அங்க போனா போயிடும். ஊர் பூரா சொல்லிடு மணவாளா. அந்த வாளியையும் கோழிக்கடையிலயே குடுத்துடு."

நரிக்கும் எனக்கும் ஆகாது! அந்தப் பொய்யைச் சொல்லும்போது நான் கிழக்கே பார்க்கவில்லை.

சொல்ல வேண்டுமா? காண்ட்ராக்டருக்கு அன்று போன வேலையும் முடிந்தது. கார்கள் எல்லாம் எங்கள் தெருவுக்குத் திரும்பின. வேலை முடிந்தவன் எல்லாம் என்னால் என்றான்; முடியாதவன், வழியில் திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டான். என் மேல் ஒரு குறையும் விழவில்லை. இந்த மாதிரி வசதியான தொழில் உலகத்தில் வேறு இல்லை. லட்டாகக் கொண்டுவந்து குவித்தார்கள், சர்க்கரைக்காரன் வீட்டில்! மங்கலம் அதைத் தெருவுக்கே பங்கு போட்டாள். அவளுக்குப் புது கேஸ் அடுப்பு ஒன்றும் வந்துவிட்டது, பாத்திரக்கடை முதலாளி கொடுத்தது. "ஒரு வழியா இந்த மூஞ்சி எனக்கும் ஒழைச்சுது" என்றாள்.

கரை காலியாகிவிட்டது. கழிவு கொட்டாததால் நாய்கள் கடைத்தெருவுக்கே திரும்பின. இதெல்லாம் மணவாளன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போக முடியவில்லை. விடிகிற நேரத்தில் வாசலில் ஆள் நிற்கிறது. ஒரு நாள் மத்தியானம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர்த் தொட்டிவரைகூடப் போயிருக்க மாட்டேன், பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள். "ஐயா கரைக்குப் போறாரு, அங்க என்னமோ விசேஷம் போல!" நான் எங்கே போனாலும் இந்தக் கூட்டம் பின்னாலேயே வரும். நான் அங்கே போனால் அதை நானே கூட்டிக்கொண்டு போன மாதிரி. திரும்பி வந்துவிட்டேன். இப்போது என் நடை கொல்லையில் தென்னை மரத்தைச் சுற்றித்தான். டாக்டர் சர்க்கரை கூடியிருக்கிறது என்கிறார்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். கிழக்கே ஊளை கேட்டது. முதலில் ஒரு குரல் நீளமாக, தாய்தான். அப்புறம் இன்னும் சரியாக முற்றாத இரண்டு குரல்கள். அவை அடங்கும்போது, அந்தக் கடைசி இழுப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, விட மாட்டேன் என்று மூன்றாவதாக ஒரு குரல். எனக்குத் தெரியாதா? ஃபுட்போர்டேதான்! வளர்ந்துவிட்டது. நான் கொல்லையில் நின்று அழுதேன். மங்கலம் துணி எடுக்க வந்தவள் பயந்துபோய்க் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, என்னா ஆச்சு?"

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அது மூஞ்சியில முழிக்கணும் மங்கலம்."

அவள் சிரிக்கவில்லை. கூடவே நின்று ஊளையைக் கேட்டாள். "பொழுது விடிஞ்சா வாசல்ல சனம் நிக்குது. எங்க போயி முழிப்பீங்க?" என்றாள். ஊளை நிற்கும்வரை இருவரும் உள்ளே போகவில்லை.

காலையில் கதவைத் திறந்தேன். கேட்டில் ஒரு கூட்டம், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் துண்டோடு. முற்றம் முழுக்க இடம் காலியாகக் கிடந்தது; எல்லாரும் கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தார்கள். "உள்ள வா, உள்ள வா" என்றேன். ஒருவனும் நகரவில்லை. பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன். துண்டுகள் அவிழ்ந்தன. அத்தனை கண்களும் என் முகத்தைப் பார்த்தன. நான் அவர்கள் தலைக்கு மேலே, கிழக்கே தெரிந்த தில்லை மரங்களைப் பார்த்தேன்.

"பாத்தாச்சில்ல? எறங்கு, எறங்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.